ஒளியில்லாத ‘ஒளிர்வு’

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் உள்ள பெரும் ஹாட்ரான் மோதுவியைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளை ஆவலோடு படித்து வருகிறேன். 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம், ஒளியின் வேகத்தை நெருங்கும் புரோட்டான்கள், 2012இல் அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகள் ஆகியவற்றைப் பெரும்பாலும் பிழையின்றியே எழுதுகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆயினும் ஒரு குறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. புரோட்டான்கள் எவ்வளவு ஆற்றலோடு மோதுகின்றன என்று சொல்பவர்கள், எத்தனை முறை மோதுகின்றன என்று சொல்வதில்லை.

சொல்ல முற்படும் சிலரும் ‘லூமினாசிட்டி’ என்பதை ‘ஒளிர்வு’ என்று பெயர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். விண்மீனுக்கு அச்சொல் பொருந்தும். மோதுவியிலோ அது ஒளியைக் குறிப்பதன்று. ஒரு நொடியில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மோதல் வாய்ப்புகள் என்பதன் அளவு. “புரோட்டான்கள் மோதினால் பளிச்சென்று வெளிச்சம் வருமா, சார்?” என்று என் வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். பிழை அவருடையதன்று; சொல்லினுடையது. ‘மோதல் செறிவு’ என்று எழுதினால் என்ன?

இதன் கணக்கு எளிது. புரோட்டான்கள் கொத்துக் கொத்தாக ஓடுகின்றன. ஒரு கொத்தில் 10,000 கோடிக்கும் மேல் உண்டு. அத்தகைய இரு கொத்துகள் எதிரெதிரே கடக்கும்போது சுமார் 20 மோதல்கள் நிகழும் என்பதே தொடக்க வடிவமைப்பு. ஏனையவை மோதாமலே போய்விடும். ஹிக்ஸ் துகளோ 100 கோடி மோதல்களுக்கு ஏறத்தாழ ஒன்றுதான் கிடைக்கும். ஆகவே ஆற்றல் மட்டும் போதாது. இரு கொத்துகளிலும் எண்ணிக்கையை இரட்டித்தால் மோதல்கள் நான்கு மடங்காகும். கொத்துகளின் அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினாலும் அவ்வாறே. 2030இல் தொடங்கத் திட்டமிட்டுள்ள அடுத்த கட்டத்தில் ஆற்றல் ஏறத்தாழ அப்படியே இருக்கும். மோதல் செறிவுதான் தொடக்க வடிவமைப்பைப்போல் 5 முதல் 7.5 மடங்காக உயரும்.

எங்கள் திருவாரூர் ஆழித்தேரைக் காண வருபவர்கள் வடம் பிடிக்கும் கூட்டத்தையே வியக்கிறார்கள். வீதி முனையில் தேரைத் திருப்பும் முட்டுக்கட்டையை யார் கவனிக்கிறார்கள்? செர்னுக்கு இந்திய அரசு 2004இல் அளித்த நடராசர் சிலையை நம் கட்டுரைகள் மறப்பதில்லை. ஆனால் இந்தியா அளித்த ஏறத்தாழ 7,000 ஜாக்கிகளை மறந்துவிடுகின்றன. 30 டன்னுக்கு மேற்பட்ட காந்தம் ஒவ்வொன்றும் மூன்று ஜாக்கிகள்மீது அமர்ந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு அதை நகர்த்தி நிறுத்தலாம். காந்தங்களின் வரிசை பிசகினால் கற்றையும் விலகும். மோதுமிடத்தில் தலைமயிரினும் மெல்லியதான கொத்துகள் பிறகு ஒன்றையொன்று சந்திப்பது ஏது?

வலிமையை மட்டும் வியக்கக் கற்ற மாணவன், பெரிய இயந்திரம் இருந்தால் போதும் என்றெண்ணுவான். நுட்பத்தில் நமக்கும் பங்குண்டு என்பதை அறியமாட்டான். வாசக நண்பர்களே, மோதுவி பற்றிய கட்டுரையை அடுத்த முறை படிக்கும்போது, “எத்தனை முறை?” என்று கேளுங்கள். விடை இல்லையெனில் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.