பத்திரத்தின் பின்பக்கம்

பழைய முத்திரைத்தாள் சேர்ப்பவர்கள் முதலில் பார்ப்பது தலையைத்தான். விக்டோரியா ராணியா, எட்வர்டா, ஐந்தாம் ஜார்ஜா என்பதை வைத்தே விலையும் படியும். தலை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது அச்சு முகம். ஆயிரம் தாளிலும் ஒன்றே. ருசி அதற்குக் கீழே தொடங்குகிறது.

என்னிடம் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிரயப் பத்திரம் ஒன்று இருக்கிறது. 1918 நவம்பர், காளயுக்தி வருடம், ஐப்பசி மாதம். முதல் உலகப்போர் ஓய்ந்த மாதம் அது. பத்திரத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. வாய்க்கால் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் பாயவேண்டும் என்பதற்கு மட்டும் நாலு வரி.

தொட்டு எழுதும் பேனா. நிப்பை மையில் தோய்த்த இடத்தில் எழுத்து கறுத்து நிற்கிறது, ஏழெட்டு எழுத்து ஓடியதும் வெளிறுகிறது, மறுபடி கறுக்கிறது. எழுதினவர் எங்கெங்கே கையை எடுத்தார் என்று வரிக்கு வரி காட்டிவிடலாம். மெய்க்குப் புள்ளி வைக்க அவருக்குப் பொறுமையில்லை. ஆனால் 1978 சீர்திருத்தத்துக்கு முந்திய 'லை', 'னை' வந்துவிட்டால் போதும், யானை துதிக்கையைத் தூக்குவதுபோல் கொம்பு நிதானமாக மேலே போய் வளைகிறது. ரூபாய்க்கு ௹, மேற்படிக்கு ௸, இரண்டும் ஒரே இழுப்பு. பக்கத்துக்குப் பத்து 'மேற்படி' எழுதிச் சலித்த கைதான் இப்படியொரு சுழியைக் கண்டுபிடித்திருக்கும்.

விற்றது இரண்டரை மா நஞ்சை. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று கணக்கிடும் ஊரில் அது சின்னத் துண்டு. அதற்குப் போய் நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று அஷ்டபோகப் பாத்தியங்களை அடுக்குகிறார். ராஜாக்கள் ஊரையே தானமாகக் கொடுத்த செப்பேடுகளில் வரும் அதே வரிசை. வரப்புக்குள் புதையல் அகப்பட்டால் அதுவும் வாங்கினவருக்கே!

சக்குபந்தியில்தான் கதை. கிழக்கே பொதுவாய்க்கால், தெற்கே கோயில் மானியம், வடக்கே வண்டிப்பாட்டை, மேற்கே 'என் தம்பி பாகத்து நிலம்'. ஆக, பாகம் பிரிந்தாயிற்று. அந்தத் தம்பிதான் முதல் சாட்சி. அண்ணன் வைத்தது கைநாட்டு. தம்பி போட்டது, வால் சுழித்த கையெழுத்து. வீட்டில் யாரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள், யாரை ஏர் பிடிக்க விட்டார்கள் என்று வேறு யாரும் எழுதிவைக்கவில்லை. கடைசியில், ஏழாம் வரியில் 'தெற்கு' என்பதை 'வடக்கு' என்று திருத்தியிருப்பதாக ஒரு குறிப்பு. பத்திரத்தில் அடித்தல் திருத்தலை மறைக்கக்கூடாது.

திருப்பினால் பின்பக்கம். ஸ்டாம்பு வெண்டரின் அவசரக் கிறுக்கல், சப் ரிஜிஸ்திராரின் முத்திரை, எத்தனையாவது புஸ்தகம், வால்யூம், பக்கம் என்ற விவரம். ஓரத்தில் பென்சிலால் யாரோ போட்ட நெல் கணக்கு, பத்திரத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. எனக்கு அதுதான் உசத்தி. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகையையும் நோட்டீசையும்கூட விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார்; அந்தச் சேகரிப்பில்தான் 1994இல் சென்னை ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. எழுத்து வரைந்து பழகிய கண்ணுக்கு எது குப்பை?

பாதுகாப்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை உரித்தால் தாளும் கூட வந்துவிடும். செலோடேப் பழுத்துக் கறையாகும். அன்னபேதி சேர்ந்த பழைய மை தாளை மெல்ல அரிக்கும். அழுத்தி எழுதிய சுழி சில இடங்களில் ஓட்டையாகவே நிற்கிறது. அதனால் ஈரக்காற்று ஆகாது. கிழிந்த மடிப்புக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப்பசையும் போதும். வேண்டாமென்றால் பிற்பாடு பிரித்துவிடலாம். பசை தொடுமுன் மை கரைகிறதா என்று ஓரத்தில் பார்த்துக்கொள்ளவேண்டும். பிறகு மடிக்காமல், அமிலமற்ற உறையில், இருட்டில் வைக்கலாம்.

குண்டூசியை எடுத்துவிட்டேன். அதன் துருக்கறையைப் போக்கச் சொன்ன நண்பருக்கு மட்டும் இணங்கவில்லை. கறையைச் சுற்றி நீள்சதுரமாக ஒரு வெளிர்த்தடம் இருக்கிறது. ஏதோ சீட்டைச் சேர்த்துக் குத்தியிருக்கிறார்கள். தீர்வை ரசீதாக இருக்கலாம். அதே வீட்டுக் காகிதக் கட்டு இன்னொன்று விலைக்கு வந்தால், அந்த அளவில் ஒரு சீட்டைத்தான் முதலில் தேடுவேன்.