கழுதை தின்ற நாகரிகம்

1935-இல் வெளிவந்த 'பிரின்செஸ் டாம்டாம்' என்னும் பிரெஞ்சுப் படத்தில், ஏழைத் துனிசியப் பெண்ணொருத்தியை இந்திய இளவரசியாக்கிப் பாரிசை ஏய்க்கிறான் எழுத்தாளன் ஒருவன். நடித்தவர் அமெரிக்கக் கறுப்பின நடனமணி ஜோசபின் பேக்கர். முடிவில் எல்லாம் கதாசிரியனின் கற்பனை! அவளோ துனிசியாவிலேயே இருக்கிறாள். 'நாகரிகம்' என்னும் அவன் நூலைக் கழுதை தின்கிறது. நாகரிகம் இவளுக்கு ஒட்டாது என்பதன்றோ இந்த நகைச்சுவையின் உட்பொருள்?

விடை கூறிற்று வரலாறு. 1940-இல் இட்லரின் படை பிரான்சை வீழ்த்தியது. நாகரிகம் பேசிய விஷி அரசு யூதரை ஒடுக்கச் சட்டம் இயற்றிற்று. பேக்கரோ தம் மிலாண்ட் மாளிகையில் அகதிகளுக்கும் விடுதலைப் போராளிகளுக்கும் அடைக்கலம் தந்தார். அவர்களுள் யூதரும் இருந்தனர். இசைத்தாள்களில் கண்ணுக்குப் புலப்படா மையால் எழுதிய உளவுச் செய்திகளை எல்லை கடத்தினார். 2021-இல் பிரான்சு அவரைப் பாந்தியனில் ஏற்றிப் போற்றியது.

கள்ளக்குறிச்சியில் வாழும் நமக்கு இதிலென்ன? கல்வராயன் மலை கண்ணெதிரே நிற்கிறது. ஆனால் நம் மேடைகளில் மலைமகள் என்றால் பாசிமணியும் குலுக்கலும் கேலிச் சிரிப்பும்தாமே? வேடத்தைத் தருபவர் நாம். பழியைச் சுமப்பவர் அவர். தோழர்களே! ஆடையும் மேடையுமா நாகரிகம்? துரத்தப்பட்டவனுக்குக் கதவைத் திறக்கும் துணிவே நாகரிகம்!