மலேரியாவும் தலா வருமானமும்

1968ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து ரொபின் பார்லோ என்னும் பொருளியலறிஞர் வெளியிட்ட ‘மலேரியா ஒழிப்பின் பொருளாதார விளைவுகள்’ என்ற நூல் இலங்கையைப் பற்றியது. அக்கராயன் போன்ற குளத்தூர்களில் வாழும் எம்மவர், காய்ச்சலோடு நெடுங்காலம் போராடிய மக்களின் வழிவந்தோர், அதனைப் பொருளியலாளரிடம் மட்டும் விட்டுவிடலாகாது.

அவர் அமைத்த கணித மாதிரியின் முடிவைச் சுருங்கக் கூறலாம். நோய் நீங்க, உழைப்புப் பெருகி உற்பத்தி உயர்கிறது. ஆயின் மக்கள்தொகையும் பெருகுகிறது. சேமிப்புக் குறைந்து மூலதனம் மெலிகிறது. ஆதலின் தலா வருமானம் முதலில் ஏறிப் பின்னர், நோய் ஒழிக்கப்படாவிடின் இருந்திருக்கக்கூடிய நிலையினும் தாழ்ந்துவிடுகிறது.

ஆசிரியரை இரக்கமற்றவரென ஏசிவிட்டு அகல்வது எளிது, அது விமர்சனமாகாது. பழுது அளவுகோலில் உள்ளது. தலா வருமானம் வகுத்துப் பெறும் எண். 1947இல் பிழைத்த குழந்தை அன்றே வகுக்கும் தொகையில் ஒன்றாகிவிடுகிறது. அதன் உழைப்பு வருமானத்திற் சேரப் பதினைந்து ஆண்டுகளேனும் வேண்டும். இறந்திருப்பின், எஞ்சியோரின் பங்கு கூடியதாகத் தோன்றும். 1934-35 பெருங்கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். இவ்வளவுகோலின்படி, அவருள் குழந்தைகளாயிருந்தோரின் சாவு வரவாகவே பதியும்! 1946இல் ஆயிரவர்க்கு 20 ஆயிருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14 அளவுக்கு வீழ்ந்தது. டி.டி.ரி. தெளிப்போடு மருத்துவமனைகளுக்கும் உணவுக்கும் இதிற் பங்குண்டு. உயிரோடிருத்தல் என்ற அந்நன்மைக்குத் தலா வருமானத்தில் இடமில்லை.

சேமிப்புக் குறைந்ததற்குக் குழந்தையைப் பொறுப்பாக்குவதும் ஐயத்துக்குரியது. இருக்கும் மூலதனம் எவர் கையில் உள்ளது, எங்கே இடப்படுகிறது என்பன குடும்பத்தின் அளவால் தீர்மானிக்கப்படுவன அல்ல. நாடு முழுவதற்கும் ஒரே சராசரி என்கையில் வன்னியும் மறைந்துவிடுகிறது. வறள்வலயக் காணிகள் காடாய்க் கிடந்ததற்கு மலேரியாவும் ஒரு காரணம். அது தணிந்தபின் குளங்களின் கீழ் வயலாக்கிய உழைப்பைக் கொழும்பின் கணக்கோடு கலந்து எவ்வாறு அளப்பது?

காலத்தையும் கருதவேண்டும். ஒழிப்பின்போது பிறந்த பிள்ளைகள் 1968இல் இளைஞரே. அட்ரியன் லூகஸ் 2010இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கையிலும் பராகுவேயிலும் மலேரியா ஒழிப்புப் பெண்களின் கல்வியாண்டுகளை உயர்த்தியதைக் காட்டிற்று. காய்ச்சலிற் கிடந்த பிள்ளை வகுப்பில் இழப்பது என்னவென்பது ஆசிரியத் தொழிலிலுள்ளோர்க்குப் புதிதன்று. ஆயினும் 2007இல் அசெமோலுவும் ஜோன்சனும் ஆயுள் நீட்சியால் தலா வருமானம் உயரவில்லையென வாதிட்டபோது பழைய வகுத்தலே மீண்டும் அரங்கேறியது.

இன்னொன்று. மாதிரியில் ஒழிப்பு ஒருமுறை நிகழ்ந்தால் நிலைத்துவிடுகிறது. நாட்டிலோ, 1963இல் 17 ஆகக் குறைந்த நோயாளர் தொகை, தெளிப்பு நிறுத்தப்பட்டுக் கண்காணிப்புத் தளர்ந்தமையால் 1969இல் 5 இலட்சத்தைத் தாண்டியது. நூல் அச்சேறிய காலத்திலேயே அதன் அடிப்படை ஆட்டங்கண்டது. கொள்கை என்பது வீடுவீடாகச் சென்று மருந்து தெளிப்போரின் கூலியும், குருதி மாதிரியைச் சோதிப்போரின் பொறுமையுமாகும். போர்க்காலத்திலும் வடக்கில் அப்பணி முற்றாக அறுந்துவிடவில்லை. உள்நாட்டுக்கே உரிய தொற்றின் இறுதி நோயாளர் 2012இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடெனச் சான்றளித்தது. வெளிநாடு சென்று திரும்புவோருடன் நோய் அதன்பின்னும் வந்துகொண்டிருக்கிறது. நோய் பரப்பும் நுளம்பும் ஒழிந்துவிடவில்லை. கண்காணிப்புக்கான பணத்தையோ, நோயாளரே இல்லாத நாட்டில், ஆண்டுதோறும் வாதாடிப் பெறவேண்டியிருக்கிறது.