ஒரு சொல்லின் பொய்ப் பிறப்பு

ஆங்கிலத்தில் 'ஸாண்டர்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. அவசரமில்லாமல், கால் போன போக்கில் நடப்பது என்று பொருள். தமிழில் 'உலாவுதல்' அதற்குக் கிட்ட வரும். 'திரிதல்' என்றால் கொஞ்சம் வசவும் கலந்துவிடும். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனுக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே கிடையாது.

அமெரிக்க எழுத்தாளர் தோரோ தமது 'நடத்தல்' என்ற கட்டுரையை இந்தச் சொல்லை வைத்துத்தான் தொடங்குகிறார். 1851-ல் கான்கார்டு ஊரில் பிரசங்கமாகப் பிறந்து, அவர் காலமான பிறகு 1862-ல் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரை அது. புண்ணிய பூமிக்கு யாத்திரை போவதாகச் சொல்லிப் பிச்சை எடுத்துத் திரிந்தவர்களைப் பற்றிய சொல் அது, பிரெஞ்சு மொழியின் 'ஸாந்த் தேர்' என்பதிலிருந்து வந்தது என்கிறார். ஆகவே ஒவ்வொரு நடையும் ஒரு யாத்திரை!

கதை அவர் கட்டியதல்ல. 1755-ல் வந்த ஜான்ஸனின் அகராதியிலேயே இருக்கிறது. ஆனால் இன்றைய அகராதிக்காரர்கள் அதை ஒப்புவதில்லை. சிலுவைப் போர்க்காரர்களின் கடைசிப் பெரிய கோட்டையான ஆக்ர் விழுந்தது 1291-ல். இந்தச் சொல்லோ நடையைக் குறிக்க வந்தது பதினேழாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் அதே போன்ற ஒரு பழஞ்சொல்லுக்கு, தன்னை மறந்து யோசனையில் ஆழ்வது என்ற பொருள் இருந்தது. இரண்டுக்கும் உறவு இருக்கலாம் என்கிறார்கள். மூலம் நிச்சயமில்லை என்றும் சேர்த்தே சொல்கிறார்கள்.

பொய் வேர் என்பதற்காகக் கட்டுரையைத் தள்ளிவிடலாமா? கூடாது. இலக்கியம் அகராதி அல்ல. என் குறை வேறு. யாத்திரை என்றால் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். இந்தச் சொல்லின் அழகோ, போய்ச் சேர இடமில்லை என்பதில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு கோயிலைக் காட்டி, சும்மா நடப்பதற்குச் சமாதானம் தேடிவிட்டார் தோரோ. சோம்பேறி என்று ஊர் சொல்லுமோ என்ற பயம் அவருக்கும் இருந்ததோ என்னவோ!

தினம் நாலு மணி நேரமாவது காட்டிலும் மேட்டிலும் உலாவாவிட்டால் தம் உடம்பும் மனசும் நிலைக்காது என்று எழுதியவர் அவர். மனம் முன்னே அலைய, கால் பின்னே போகும் அப்படிப்பட்ட மனிதருக்கு, யோசனையில் ஆழ்வது என்ற அந்தப் பழம்பொருளே போதும். அலங்காரமான பொய்யைவிட, அலங்காரமில்லாத அந்தச் சாத்தியம் அவர் கட்சிக்கு அதிக பலம் தந்திருக்கும்.

நம் மேடைகளிலும் சொல்லைப் பிய்த்துப் பொருள் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவர்கள் உண்டு. எழுதுகிறவர்களுக்கும் அந்த ஆசை வரத்தான் செய்கிறது. வந்தால், பேனாவை மூடி வைத்துவிட்டு, இடம் எதுவும் குறிக்காமல் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரலாம்.