கண்ணாடிச் சுவரின் கறுப்புக் கோடு

ஸ்ரீபெரும்புதூர் செயின்ட் கோபைன் ஆலையில் கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்தே தட்டையாகிறது. அந்த வழவழப்பு அங்கே வந்ததுதான். தண்டலம் வழியே லாரியில் சாய்ந்து நிற்கும் கண்ணாடிகளைப் பார்த்தால், அவை ஏறப்போகும் அலுவலகக் கோபுரம் நினைவுக்கு வரும். அங்கே எல்லோரும் ரசிப்பது அதில் தெரியும் மேகத்தை. எனக்குப் பிடித்தது கண்ணாடிகளுக்கு இடையே ஓடும் கறுப்பு சிலிகோன் கோடு.

இருபுறமும் டேப் ஒட்டி, சிலிகோனைச் சீராகப் பிதுக்கி, ஒரே இழுப்பில் வழித்து, காயுமுன் டேப்பைச் சர்ரென்று உரிப்பார்கள். நடுவில் கை தயங்கினால் தழும்பு விழுந்துவிடும். காய்ந்த கோட்டைத் தொட்டால் லேசாக அமுங்கும். வெயிலில் கண்ணாடி விரிவதையும் காற்றில் அசைவதையும் அந்த மென்மைதான் தாங்குகிறது. ஜன்னல் திறக்க முடியாதே என்ற குறை எனக்கும் உண்டு. ஆனால் ஐப்பசி மழை சாய்ந்தடிக்கும்போது, நேர்த்தியாக இழுத்த கோடு ஒரு சொட்டையும் உள்ளே விடாது.