உசிலம்பட்டியில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம்

உசிலம்பட்டி வட்டாரத்தில் இளைஞர்களுக்கென்று நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டம் எப்படி இருக்கும் என்று அந்த ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். கல்யாண மண்டபம் அல்லது பள்ளி வளாகம். மேடையில் ஃபிளெக்ஸ் பேனர். சிறப்பு விருந்தினர் வருவதற்குத் தாமதம். சால்வை, நினைவுப் பரிசு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. குழந்தைத் திருமணம் கூடாது, போதைப் பொருள் கூடாது, படிப்பைப் பாதியில் விடக் கூடாது, செல்போனில் கவனம் வேண்டும். பிறகு கையை நீட்டி உறுதிமொழி. கடைசியில், சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்ட பரபரப்பில், "யாருக்காவது ஏதாச்சும் கேக்கணுமா?" என்று ஒரு குரல். யாரும் கேட்பதில்லை. குழுவாகப் படம் எடுத்துக்கொண்டு கலைவார்கள்.

இதைப் பழிப்பது எளிது. ஆனால் இந்த வட்டாரத்தில் அது காரணமில்லாமல் வேர்பிடிக்கவில்லை. 1986 ஜூன் மாதம் இந்தியா டுடே இதழ் உசிலம்பட்டிப் பகுதியின் பெண்சிசுக் கொலையை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. அதையொட்டித் தொண்டு நிறுவனங்கள் வந்தன, அதிகாரிகள் வந்தார்கள், ஆய்வாளர்கள் வந்தார்கள். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கும் விரிந்தது. 1994இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' படம் வந்தது. ஒரு குழந்தையின் உயிர் இன்றோ நாளையோ போய்விடும் என்ற நிலையில், வீடு வீடாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. "இது கொலை, இதற்குத் தண்டனை உண்டு, குழந்தை வேண்டாமென்றால் இங்கே கொடுங்கள்" என்று உரத்த குரலில் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அந்தக் குரலால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். இன்றும் ஒரு பள்ளிக் கூட்டத்தில் 1098 என்ற சிறுவர் உதவி எண்ணை ஒரு சிறுமி மனத்தில் வாங்கிக்கொண்டால், அந்தக் கூட்டத்தின் மற்ற எல்லா அலுப்பையும் நான் பொறுத்துக்கொள்வேன். சட்டத்தைத் தெளிவாகச் சொல்வதும் மரியாதைதான். பதினைந்து வயதுப் பெண்ணிடம் அவளுக்குள்ள உரிமையைச் சொல்லாமல் மறைப்பது அதைவிடப் பெரிய அவமதிப்பு.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. ஆபத்துக் காலத்துக்கு ஏற்பட்ட தொனி, ஆபத்து மாறிய பின்னும் நிரந்தரமாகிவிட்டது. அதுவும் ஏற்கனவே அப்படித்தான் பேசப்பட்டுவந்த ஒரு மண்ணில். குற்றப் பழங்குடியினர் சட்டத்தின் கீழ் கள்ளர் சமூகத்தையே பிறப்பால் சந்தேகத்துக்குரியதாக்கி, கைரேகை பதியச் சொன்ன காலம் இங்கே பாட்டன்மார் நினைவில் உண்டு. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் சுடப்பட்டார்கள். அதே காலகட்டத்தில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், 'இவர்களைத் திருத்த வேண்டும்' என்ற எண்ணத்திலேதான் பிறந்தன. ஆனாலும் அவைதான் பல தலைமுறைகளைப் படிக்கவைத்தன. நல்லதும் அவமதிப்பும் ஒரே கட்டடத்துக்குள் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பெண்சிசுக் கொலைச் செய்திகளுக்குப் பிறகு இரண்டாவது முறையாக ஊர்ப்பெயரே குற்றப்பெயரானது. சேலத்திலும் தருமபுரியிலும் அந்தக் கொடுமை இருந்தது, ஆனாலும் நாட்டின் நினைவில் உசிலம்பட்டிதான் ஒட்டிக்கொண்டது. 2005க்குப் பின் பிறந்த ஒரு பெண் கல்லூரி விடுதியில் ஊர்ப்பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்க்கிறாள். அவளை மண்டபத்தில் உட்காரவைத்து, அவள் பிறப்பதற்கு முந்தைய குற்றத்தின் வாரிசைப் போல அறிவுரை சொல்கிறபோது, அவள் வாய் திறக்காததில் வியப்பில்லை.

முறுக்குக் கம்பெனி விஷயத்தைப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடபட்டிப் பக்கத்துப் பையன்கள் ஆந்திராவுக்கும் மகாராஷ்டிரத்துக்கும் அதற்கும் வடக்கேயும் முறுக்கு, மிக்சர் போடும் கொட்டகைகளுக்கு வேலைக்குப் போவது நெடுநாள் கதை. மீட்கப்பட்டுத் திரும்பியவர்களைப் பற்றிய செய்திகளும் வந்திருக்கின்றன. அப்படித் திரும்பிய ஒருவனிடம், "ஏம்ப்பா, பள்ளிக்கூடத்த விட்டுட்டுப் போனது தப்புன்னு தெரியலையா?" என்று கேட்டால் அவன் தலையைக் குனிந்துகொள்வான். அதோடு பேச்சு முடிந்தது. "அங்க காலைல எத்தன மணிக்கு எழுப்புவாங்க? சம்பளம் யார் கையில குடுத்தாங்க?" என்று கேட்டால் வேறு பதில் வரும்: "என் கையில தரலண்ணே. வீட்ல அட்வான்ஸ் வாங்கியிருந்தாங்க, அது கழியணும்னு சொல்லிட்டாங்க."

இந்த இரண்டாம் பதிலில் ஒரு சட்டம் இருக்கிறது. முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்துவைப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தப் பையன் தடம்மாறியவன் இல்லை, ஒரு குற்றத்துக்கு ஆளானவன். அறிவுரைக் கேள்வி அவனைக் குற்றவாளியாக்கி, உண்மையான குற்றவாளியைத் தப்பவிட்டது. இளையோரிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று சொல்லும்போது பலரும் அதை ஒரு நல்ல குணமாக, இன்முகமாக மட்டும் புரிந்துகொள்கிறார்கள். என் கணிப்பில் அது முதலில் உண்மையைத் தெரிந்துகொள்ளும் வழி. நூற்பாலைக்கு மூன்றாண்டு ஒப்பந்தத்தில், முடிவில் மொத்தத் தொகை கிடைக்கும் என்று நம்பி 'சுமங்கலி' முறையில் போன பெண்களின் கதையும் அப்படித்தான். அவர்கள் சொன்னதை யாரோ பொறுமையாகக் கேட்டதால்தான் அந்த முறையின் உள்ளே நடப்பது வெளியே தெரிந்தது.

மேடைப் பேச்சுக்கு மாற்று என்று தமிழ்நாட்டில் செய்து பார்க்கப்பட்டவை உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் படித்த இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் தருமபுரி மாவட்டத்தில் பெண்சிசுக் கொலைக்கு எதிராக நடந்த கலைப்பயணம் இன்னும் கவனிக்கத்தக்கது. அந்த முயற்சியைப் பற்றி வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் பயிற்சி பெற்று நடிகர்களானார்கள். நாடகம் முடிந்ததும் பார்த்தவர்களோடு பேச்சு நடந்தது. தாயைக் குற்றவாளியாக நிறுத்தாமல், வரதட்சிணையையும் பெண்ணின் நிலையையும் கேள்விக்குள்ளாக்கினார்கள். கேட்பவர்கள் வரிசையில் இருந்த இளையோர் பேசுபவர்களாக மாறியதே அதன் பெரும்பலம். ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்பது பெரும்பாலும் மேலே தீர்மானிக்கப்பட்டு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யுனிசெப்புக்காக 1992இல் ரோஜர் ஹார்ட் எழுதிய சிறு நூலில், சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்தார். கீழ்ப்படிகளில் ஒன்று அலங்காரம்: தங்களுக்குப் புரியாத ஒன்றுக்காகச் சிறுவர்களை அணிவகுக்கச் செய்வது. வெயிலில் பதாகை பிடித்துப் பேருந்து நிலையம் வரை நடக்கும் நம் பள்ளிப் பேரணிகள் அந்தப் படியைத் தாண்டியதை நான் அதிகம் பார்த்ததில்லை. கலைப்பயணம் பல படிகள் ஏறியது. உச்சிக்குப் போகவில்லை.

2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகையில் தெருவுக்கு ஒரு தன்னார்வலரை உட்காரவைத்தது. பெரும்பாலும் அந்தத் தெருவின் இளம்பெண்களே. "அக்கா" என்று அழைக்க முடிகிற ஒருத்தியிடம் பிள்ளைகள் பள்ளியில் பேசாததைப் பேசினார்கள். ஆனால் தெரு என்பது நம் ஊர்களில் சாதியின் எல்லையும்கூட. ஊருக்குள் இருக்கும் வீட்டுத் திண்ணையில் வகுப்பு நடந்தால், காலனிப் பிள்ளை அங்கே எவ்வளவு இயல்பாக உட்காரும்?

அணுக்கமாகப் பேசுவதில் உள்ள ஆபத்தைப் பற்றி இளைஞர் பணியில் இருப்பவர்கள் போதிய அளவு யோசிப்பதில்லை என்பது என் மனக்குறை. உசிலம்பட்டியில் உறவுமுறை சொல்லி அழைப்பது காற்றைப் போல இயல்பு. "மாப்ள" என்றும் "பங்காளி" என்றும் தோளில் கைபோட்டுப் பேசுகிற ஊழியரைப் பையன்களுக்குப் பிடிக்கும். அவர் ஒரே சாதிப் பையன்களை மட்டும் அப்படி அழைத்து, வட்டத்தின் ஓரத்தில் இருக்கும் தலித் பையனைப் பெயர் சொல்லி மட்டும் கூப்பிடுவார், தான் அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது. அந்தப் பையனுக்குத் தெரியும். அவனிடம் யாரும் கடுமையாகப் பேசவில்லை, ஆனாலும் தன் இடம் எது என்று அவனுக்குச் சொல்லியாகிவிட்டது. மேடைக்காரர் எல்லோரையும் ஒரே மாதிரி "அன்பார்ந்த மாணவச் செல்வங்களே" என்கிறபோது குறைந்தபட்சம் இந்தப் பாகுபாடாவது இல்லை. எனவே எல்லோருக்கும் ஒரே "நீங்க" அல்லது எல்லோருக்கும் ஒரே "தம்பி" என்று முதல் நாளே தீர்மானித்துக்கொள்வதை நான் வற்புறுத்துவேன்.

கையில் கட்டும் சாதிக்கயிறு இதே சிக்கலின் இன்னொரு முகம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்குதல் ஆகியவை பரிந்துரைகளில் இருந்தன. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதில் அடங்கியதால் உசிலம்பட்டியில் எதிர்ப்பு எழுந்தது. தடை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. வகுப்பறையில் ஒருவன் கயிறு இன்னொருவனுக்கு மிரட்டல் என்கிறபோது, கட்டியவனின் மனநிலையைப் புரிந்துகொள்ளும்வரை மற்றவன் காத்திருக்க முடியாது. ஆனால் கயிற்றை வெட்டி எறிந்த பிறகு தொடங்க வேண்டிய பேச்சு தொடங்குவதில்லை. இதை யார் கட்டச் சொன்னார்கள், கட்டாவிட்டால் ஊரில் என்ன சொல்வார்கள், கட்டியதால் எந்த நண்பனை இழந்தாய்? இவற்றை யாரும் கேட்காதபோது பையன் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளி வாசலைத் தாண்டியதும் மறுபடி கட்டிக்கொள்கிறான். பள்ளிப் பெயர் பற்றி இந்த வட்டாரத்தில் நடந்த வாதத்திலும் என் காதுக்கு எட்டியவை பெரியவர்களின் குரல்களே. அந்தப் பெயரை மாற்றுச் சான்றிதழில் சுமக்கப்போகிறவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது பதிவாகவே இல்லை.

இன்னொன்று, ரகசியம். ஒரு பெண் தனியாக வந்து, "அண்ணே, ஒரு விஷயம், யார்ட்டயும் சொல்லக் கூடாது" என்கிறாள். நல்ல மனம் கொண்ட ஊழியர் உடனே "சொல்ல மாட்டேம்மா" என்று வாக்குக் கொடுக்கிறார். அது அவரால் காப்பாற்ற முடியாத வாக்கு. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். பதினேழு வயதுக் காதல்கூட இந்தச் சட்டத்துக்குள் விழுந்துவிடுவதைச் சென்னை உயர் நீதிமன்றமே 2019இல் கவலையோடு சுட்டிக்காட்டியது. மறுபுறம், வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவது பொறுப்பான செயல் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சாதி மறுத்த காதலென்றால் அந்த ஒரு போன் உயிரை வாங்கும். 2014இல் இதே வட்டாரத்தில் அப்படி மணந்த ஓர் இளம்பெண் இறந்த வழக்கில்தான், 2016 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இத்தகைய இணையர்களைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்கச் சொன்னது. ஆகவே அவள் பேசத் தொடங்குவதற்கு முன்பே, "இன்னின்னது என்னோட இருக்கும், இன்னின்னத நான் சொல்லியே ஆகணும், யார்ட்ட சொல்லுவேன்னு ஒனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன்" என்று எல்லையைச் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டு அவள் பேசாமல் எழுந்து போகவும் கூடும். அந்த முடிவை அவள் கையில் விடுவது கடினம், விட்டுத்தான் ஆக வேண்டும்.

இப்படிக் கேட்டுப் பேசும் முறை ஏன் பரவவில்லை என்றால், பணம் கொடுப்பவர் கேட்கும் படிவம் ஒரு காரணம். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பெண்கள், எத்தனை துண்டறிக்கை என்று கேட்கிறது. இளையோர் என்ன கேட்டார்கள், அதனால் உங்கள் திட்டத்தில் எதை மாற்றினீர்கள் என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை. நூறு பேருக்குப் பேசியவர் கணக்கில் நூறு. ஒரு பையனோடு டீக்கடை பெஞ்சில் ஒரு மாலை உட்கார்ந்தவர் கணக்கில் ஒன்று. அந்த ஒன்றிலிருந்து ஒரு கொத்தடிமைக் கொட்டகை வெளிச்சத்துக்கு வரலாம் என்பது எந்தக் கட்டத்திலும் ஏறாது. ஊழியரைக் குறை சொல்லும்முன் இதை மாற்ற வேண்டும்.

ஒரு முயற்சிக்கு இந்த வட்டாரத்திலேயே இடமிருக்கிறது. உசிலம்பட்டிக்கு அருகே பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான ஊராட்சித் தேர்தல் நடக்கவிடப்படவில்லை. 2006இல் நடந்தது. அந்தப் பத்தாண்டில் எட்டு வயதிலிருந்து பதினெட்டு வயதுக்கு வளர்ந்தவர்கள், பெரியவர்கள் பேச மறுப்பதை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள். 2021 அக்டோபர் 2 அன்று அதே பாப்பாபட்டியின் கிராம சபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முன்பு, ஊரிலும் காலனியிலும் உள்ள பதினான்கு முதல் பதினெட்டு வயதுக்காரர்கள் தனியாகக் கூடட்டும், ஒருமுறை ஊரில் என்றால் மறுமுறை காலனியில். சால்வையும் சிறப்பு விருந்தினரும் வேண்டாம். மாலை நேரப் பேருந்து, பள்ளிக் கழிப்பறை, முறுக்குக் கம்பெனிக்கு ஆள்பிடிக்க வரும் புரோக்கர் என்று அவர்கள் எழுதித் தருவதைத் தலைவர் கிராம சபையில் படித்து, பதிலையும் அங்கேயே சொல்ல வேண்டும். பதினெட்டு நிரம்பாதவர்களுக்கு அங்கே வாக்கில்லை. அவர்கள் தாளில் எழுதிக் கொடுப்பதைத் தீர்மானப் பதிவேட்டில் சேர்க்க எந்தத் தடையும் இல்லை.