நூறு ரூபாய் கொடுக்க எத்தனை படி?

உ.வே.சாமிநாதையர் இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் வளர்ந்தவர். யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக்காரிகையைப் பாடம் கேட்கச் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. பின்னாளில் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது, புத்தகம் வாங்குவதாகப் பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். 1887இல் நூல் வெளிவந்தது. இன்று அதே குன்னத்தில் கைபேசி வைத்திருக்கும் எவரும் தமிழ் மின்னூல்களைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அவற்றை உருவாக்குவோருக்கு நூறு ரூபாய் அனுப்புவது அதே அளவுக்கு எளிதா?

கணியம் அறக்கட்டளையை எடுத்துக்கொள்வோம். இலவசத் தமிழ் மின்னூல்களை வெளியிடும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தின் நூல்களில், கடைசிப் பக்கங்களில் அந்த அறக்கட்டளையின் நன்கொடை வேண்டுகோள் வருகிறது. வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, யூபிஐ கியூஆர் படம் எல்லாம் இருக்கும். பணம் போட்டதும் விவரத்தை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்கிறார்கள். மாத அறிக்கையும் வரவு செலவும் எல்லோரும் பார்க்கப் பொதுவில் கிடக்கின்றன.

கேட்கும் இடம் மிகச் சரி. ஒரு நல்ல நூலைப் படித்து முடித்த மனம் கொடுக்கத் தயாராக இருக்கும் நேரம் அது. கேட்கும் முறைதான் இடறுகிறது. நூலைக் கைபேசியில் படிக்கிறவர் அதே கைபேசியால் அந்தக் கியூஆரை ஸ்கேன் செய்ய முடியாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, யூபிஐ செயலியைத் திறந்து, கேலரியிலிருந்து படத்தை ஏற்ற வேண்டும். கணினித் திரை முன்னால் இருப்பவருக்கு இந்தச் சிக்கலே தெரியாது. மின்னஞ்சல் இன்னொரு படி. குன்னம் இருக்கும் பெரம்பலூர் மாவட்டத்தில் வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிற ஒருவருக்கு வாட்ஸப் கைவந்தது. மின்னஞ்சலின் கடவுச்சொல்லே பலருக்கு நினைவில் இருக்காது.

கொடுக்க மனமிருந்தால் எப்படியும் கொடுப்பார்கள் என்று சொல்லலாம். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் சேர்ந்ததே. பெரிய தொகை கொடுப்பவர் விஷயத்தில் அது உண்மைதான். ஐம்பது ரூபாய் கொடுப்பவர் இரண்டாவது படியிலேயே நின்றுவிடுவார். அந்த ஐம்பது ரூபாயை அற்பமென்று தள்ள முடியாது. 2020 ஜனவரி முதல் யூபிஐ பரிவர்த்தனைக்கு வணிகர் கட்டணம் இல்லை. கொடுத்தது முழுதாகப் போய்ச் சேரும்.

மாதந்தோறும் தானாகப் பிடிக்கும் யூபிஐ ஆட்டோபே 2020இலேயே வந்துவிட்டது. நல்ல ஏற்பாடு, ஆனாலும் ஒருமுறை கொடுப்பதை எளிதாக்குவதற்கு அடுத்த இடத்தில்தான் அதை வைப்பேன். அதற்குப் பணப்பரிமாற்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் வேண்டும். தன்னார்வலர்களை நம்பி நடக்கும் அமைப்புக்கு அது கூடுதல் சுமை.

அதே மாவட்டத்து லப்பைக்குடிக்காட்டிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களுக்கு வழி ஓரளவு திறந்திருக்கிறது. அமீரகம், கத்தார், சிங்கப்பூர் உள்ளிட்ட நாடுகளின் கைபேசி எண்ணோடு வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்ஈ கணக்கிலிருந்து யூபிஐ பயன்படுத்த 2023இல் அனுமதி வந்தது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பாகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் தந்தால் ஆகும். அதை வாங்க எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும்; புதுதில்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்கும் வேண்டும். எந்தப் பொத்தானாலும் அந்தத் தடையை நீக்க முடியாது.

என் தீர்ப்பு இது: கணக்கைத் திறந்து காட்டுவதில் கணியம் மற்ற அமைப்புகளுக்கு முன்மாதிரி. கொடுப்பவரின் வழியை எளிதாக்குவதில் இன்னும் பாதிவழியில் நிற்கிறது. கியூஆருக்குக் கீழே, தொட்டால் யூபிஐ செயலியைத் திறக்கும் ஒரு பக்கத்தின் இணைப்பு வேண்டும். ரசீது கேட்பவர் மட்டும் விவரம் அனுப்பினால் போதும் என்றாக்க வேண்டும். புதிய நூல்களில் மட்டும் மாற்றினால் போதாது. தளத்தில் பல ஆண்டுகளாக இருக்கும் பழைய கோப்புகளிலும் அந்தக் கடைசிப் பக்கத்தை மாற்றியாக வேண்டும்.